விறகு இல்லாமல் தேயிலை இல்லை: மலையகத்தின் மரக்கணக்கைப் பேசுவோம்

ஸ்டோர்வீட்டுப்பையன் எழுதியது:

தேயிலையைப் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஓடிவிட்டன. சம்பளம், ஏல விலை, உரம், கொழுந்து எல்லாம் பேசியாயிற்று. மரத்தைப் பற்றி மட்டும் ஒன்றையும் காணோம். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருபத்திரண்டு வருடம் டிரையர் அடுப்புக்கு விறகு போட்டவர். பெரும்பாலும் ராத்திரி வேலை. கட்டையைக் கையில் எடுத்து இன்னொரு கட்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். ணங்கென்று கேட்டால் அடுப்புக்கு, தொப்பென்று கேட்டால் ஓரத்துக்கு. ஈர விறகு போனால் வெட்டுமுனையில் வெள்ளை நுரை தள்ளிச் சீறும், டிரையரின் சூடு இறங்கும், சூடு இறங்கினால் தூள் காய்வதற்குப் பதிலாக அவிந்துபோகும், அந்த வாசனையைக் கொழும்பில் சுவைத்துப் பார்ப்பவர் ஒரு மிடறில் கண்டுபிடித்துவிடுவார். அன்றைய ஏச்சு முழுக்க அப்பாவுக்கு.

நான் சொல்ல வருவது இதுதான். பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். கடைசியில் தூளில் இருக்க வேண்டியது மூன்று வீத ஈரம் அளவில்தான். நடுவில் உள்ள தண்ணீர் அத்தனையையும் விரட்டுவது சூடு, அந்தச் சூடு பெரும்பாலும் விறகு. ஒரு கிலோ தூள் செய்ய ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ விறகு போகிறது. நாளொன்றுக்கு ஆயிரம் கிலோ செய்கிற சிறிய ஸ்டோருக்கே தினமும் ஒன்றரை இரண்டு டொன் விறகு வேண்டும். 2023இல் இலங்கை முழுக்க உற்பத்தியான தேயிலை சுமார் 25 கோடி 60 இலட்சம் கிலோ. எல்லாத் தொழிற்சாலையும் விறகில் ஓடுவதாக வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள், குறைந்த கணக்கிலேயே 38 கோடி கிலோ விறகு வருகிறது. ஏற்றுமதி வருமானம் என்று தேயிலையைச் சொல்கிறோம், அதற்கு அடியில் எரிகிற இந்தத் தொழிலுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

இடையில் ஒரு காலம் டீசலும் உலை எண்ணெயும் வந்தன. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் பழையபடி விறகுக்கே திரும்பினார்கள். அப்பா வேலைக்குச் சேர்ந்தது அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான்.

இந்த மரமெல்லாம் எங்கிருந்து வந்தது, யார் நட்டார்கள், யார் வெட்டினார்கள், யாருக்குக் காசு போனது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பழையதபால் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று உண்டு. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடு, தரிசு நிலமெல்லாம் பிரிட்டிஷ் முடிக்குச் சொந்தம் என்று அது சொன்னது. கண்டிக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிருக்குக் காடு வெட்டி, தேன் எடுத்து, கித்துள் பனை சீவி, மாடு மேய்த்த காடுகளுக்கு அவர்களிடம் ஏது பத்திரம்? அந்தக் காடுகள் ஏக்கர் கணக்கில் கோப்பித் தோட்ட வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்கப்பட்டன. மலையக மரத்தின் கதை இந்த இடத்தில் தொடங்குகிறது.

ஆனால் அப்போது அதை மரத்தொழில் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் மரத்தை யாரும் விற்கவில்லை. எரித்தார்கள். அடிவாரத்திலிருந்து மேலே மேலே ஒவ்வொரு மரத்தையும் முழுதாக வெட்டாமல் பாதியில் விட்டுக்கொண்டே போவார்கள். கடைசியில் உச்சியில் உள்ள பெரிய மரங்களைச் சாய்த்தால் அவை கீழே உள்ளவற்றின் மேல் விழும், அவை அடுத்த வரிசையின் மேல் விழும், ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே இரைச்சலோடு படுத்துவிடும். பிறகு வெயிலில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். சாம்பலில் கோப்பிக் கன்று. நூற்றாண்டு வயதுள்ள மரங்களைக் கொண்டுபோக ரோட்டும் இல்லை, ரயிலும் இல்லை. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதற்குள் பாதிக் காடு புகையாகிப் போயிருந்தது.


மானாப்புல் எழுதியது:

ஐயா, அந்தக் காட்டையெல்லாம் வெட்டியது எங்கள் ஆட்கள்தானே? பாட்டி அப்படித்தான் சொல்லுவார். "காட்டை வெட்டி நாட்டை ஆக்கியது நாம்" என்று மேடைகளிலும் கேட்கிறோம்.


பழையதபால் எழுதியது:

மகள், அதில் பாதி உண்மை இருக்கிறது. கோப்பிக் காலத்தில் பெருமரக் காடு வெட்டும் வேலையைக் கொந்தரப்பு (ஒப்பந்தம்) எடுத்துச் செய்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள். தோட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு நிற்க அவர்கள் விரும்பவில்லை, அவர்களுக்கு வயல் இருந்தது. கோடரி வேலையில் அவர்களுக்கு இணை இல்லை என்று அந்தக் காலத்துத் துரைமாரே எழுதி வைத்திருக்கிறார்கள். எரித்த பிறகு கரிக்கட்டைகளுக்கு நடுவே குழி வெட்டியது, கன்று நட்டது, ரோடு போட்டது, கான் (வடிகால்) வெட்டியது, பழம் பறித்தது எல்லாம் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்த நம் ஆட்கள்.

இதைச் சொல்வதால் நம் பங்கு குறைந்துவிடாது. வழியிலேயே எத்தனையோ பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஆனால் தன் காட்டைச் சட்டத்தால் இழந்தவனே கூலிக்கு அதை வெட்டினான் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். ஒரே மலையில் இரண்டு சனத்துக்கும் இழப்பு நடந்தது. அதைச் சேர்த்துப் பேசாததால் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.


ஸ்டோர்வீட்டுப்பையன் எழுதியது:

இது எனக்குப் புதிது ஐயா. நன்றி. அப்படியானால் மரத்தைக் காசாகப் பார்க்கத் தொடங்கியது எப்போது?


பழையதபால் எழுதியது:

முதலில் காசானது பட்டை. மரம் அதற்குப் பிறகுதான்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் முதன்முதலாகத் துரு நோய் கண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது. அப்போது பல தோட்டங்களைத் தாங்கிப் பிடித்தது சிங்கோனா. மலேரியாவுக்கான கொயினா மருந்து எடுக்கிற மரம். 1861இல் ஹக்கலைத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தது, கோப்பி விழுந்ததும் மலையெங்கும் ஏறியது. 1880களின் நடுவில் வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் உரித்து விற்றதால் விலை சரிந்தது. பிறகு ஜாவாக்காரர்களின் மரம் நம்முடையதை விடக் கொயினா அதிகம் தந்தது. அத்தோடு முடிந்தது. சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதற்குள் வழி காட்டியிருந்தது.

கோப்பி சாக்கில் கொழும்புக்குப் போகிற சரக்கு, வெயிலிலும் காயும். தேயிலை அப்படியில்லை. அதற்கு அடுப்பு வேண்டும், பெட்டி வேண்டும். இரண்டும் மரம். தேயிலை வந்த பிறகுதான் துரைமாருக்கு மரத்தின் அருமை தெரிந்தது. ஆனால் அதற்குள் பக்கத்தில் காடு இல்லை.

அரசாங்கத்துக்கும் அந்த நேரத்தில்தான் விழிப்பு வந்தது. லண்டன் கியூ தோட்டத்தின் தலைவர் ஹூக்கர் எச்சரித்ததன் பேரில் 1873இல் 5000 அடிக்கு மேல் உள்ள முடிக்காடுகளை விற்பதை நிறுத்தினார்கள். 1885இல் காட்டுச் சட்டம், 1887இல் வனத் திணைக்களம். இன்று சிவனொளிபாத மலைச் சாரலிலும் ஹோட்டன் சமவெளியிலும் பச்சை தெரிகிறது என்றால் அந்த 5000 அடிக் கோடு அதில் பெரிய காரணம். களனியும் மகாவலியும் வளவையும் அந்தப் பச்சையில்தான் ஊற்றெடுக்கின்றன.


கொந்தரப்பு எழுதியது:

நான் ஒரு தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருக்கிறேன். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள்.

பெட்டி விஷயம் வந்ததால் சொல்கிறேன். தொடக்கத்தில் பெட்டிப் பலகை இங்கேயும் அறுத்தார்கள், ஜப்பானிலிருந்தும் வந்தது, பிறகு ஐரோப்பாவிலிருந்து ஒட்டுப்பலகை வந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வராமல் போகவே கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜக் காட்டுக்குள்ளேயே இயந்திரம் இறக்கி மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் 1977இல் நிறுத்தப்பட்டது, 1988இல் அது உலக மரபுரிமைக் காடு. நம் தேயிலைப் பெட்டியின் தேவை சப்ரகமுவக் காடுவரை போய்த் தொட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். பிறகு கடதாசிப் பை வந்தது, பெட்டி போயே போய்விட்டது.

எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அலுமாரி, தொட்டில், சாமித் தட்டு, நடுத்தட்டி எல்லாம் அந்தப் பெட்டிப் பலகையில் செய்ததுதான். தகர விளிம்பைக் கழற்றி ஆணியை நிமிர்த்தித் திரும்ப அடிப்பார் தாத்தா. பலகையின் உள்பக்கத்தில் மூக்கை வைத்தால் பல வருடம் கழித்தும் தேயிலை வாசனை வரும்.


ஏலமலை எழுதியது:

விறகும் பெட்டியும் மட்டும் போதாது, காட்டுக்குள்ளேயே நடந்த தொழில் ஒன்றையும் சேருங்கள். நான் ரங்கலைப் பக்கம். நக்கிள்ஸ் மலையில் பெருமரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு அடிக்காட்டைச் சுத்தம் செய்து ஏலக்காய்ச் செடி வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஏலக்காட்டு வேலை. காய் பறிக்கிற பருவத்தில் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டுத் தங்குவோம், அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு. பச்சைக்காயை உடனே சூடு காட்டி உலர்த்தாவிட்டால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். உலர்த்துகிற கொட்டகைக்கு விறகு அதே காட்டிலிருந்து.

வெளியிலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருக்கிற மாதிரித் தெரியும். ஆனால் அடியில் ஒரு கன்று முளைக்காது, முளைத்ததை எல்லாம் நாங்கள் வெட்டிவிடுவோம். கிழ மரங்கள் விழுந்தால் அந்த இடத்தில் ஏற ஆளில்லை. இதைத்தான் சூழலியல்காரர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னது சரிதான். 2000இல் பாதுகாப்புக் காடாக அறிவித்தார்கள், 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையானபோது நக்கிள்ஸும் அதில் சேர்ந்தது. ஏலச்செடி வைத்திருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

காடு பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குத்தகைக்காரருக்குப் பேசுவதற்கு ஆள் இருந்தது, சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற வேலை வேறு யாருக்கோ போனது, ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மாமாருக்கு ஒரு மாற்று வேலையும் சொல்லப்படவில்லை. காட்டின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்த மனிதர்கள் அவர்கள்.


மானாப்புல் எழுதியது:

நான் பண்டாரவளைப் பக்கம். இங்கே பேச வேண்டியது பைனஸ் என்கிற ஊசியிலை மரமும் டர்பன்டைனும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். நாங்கள் டர்பன்டைன் என்பது யூக்கலிப்டஸ் மரத்தை, சிலர் கருப்பந்தைல மரம் என்பார்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற சவுக்கு மரம் வேறு, தமிழ்நாட்டுச் சவுக்கும் வேறு. எங்கள் சவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிறவில்லியா. சிங்களத்திலும் அதைச் சபுக்கு என்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விறகுக்காகவே டர்பன்டைன் நடத் தொடங்கினார்கள். நுவரெலியா, ஹப்புத்தளை, ஒஹியா எல்லாம் வனத் திணைக்களத்தின் டர்பன்டைன் காடுகள். வேகமாக வளரும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், ரயில் சிலிப்பர் கட்டைக்கும் ஆகும், மின்கம்பத்துக்கும் ஆகும். 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை முழுமையாகத் தடை செய்த பிறகு நாட்டின் மரத்தேவைக்கு வீட்டுத் தோட்டமும் றப்பர் மரமும் இந்த மலைக்காடுகளும்தான் கைகொடுக்கின்றன. அந்த நன்மையை மறுக்கவில்லை.

பைனஸ் வேறு கதை. பத்தனைப் புல்வெளியிலும் கைவிட்ட தேயிலையிலும் 1970களிலும் 80களிலும் மலை மலையாக நட்டார்கள். மண் அரிப்பைத் தடுக்க என்றார்கள். எங்கள் ஊர்ப் பீலியில் நான் சிறுமியாக இருந்தபோது ஆடி மாதத்திலும் தண்ணீர் விழுந்தது, இப்போது ஒரு குடம் நிறைய அரை மணித்தியாலம் ஆகிறது. ஊரில் எல்லோரும் பைனஸைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஆசிரியை என்ற முறையில் நான் யோசித்துப் பேச வேண்டும், மழையும் மாறியிருக்கிறது, மேலே மரக்கறித் தோட்டமும் கூடியிருக்கிறது. ஆனால் தீ விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஊவாவில் ஆனியிலிருந்து ஆவணி வரை காற்றும் வெயிலும். காய்ந்த ஊசியிலை முழங்கால் அளவு கிடக்கிறது, அதில் ஒரு புழுவும் இல்லை, மக்குவதும் இல்லை. ஒரு நெருப்புக்குச்சி போதும். வருடா வருடம் வகுப்பறை ஜன்னலிலிருந்து பிள்ளைகள் மலை எரிவதைப் பார்க்கிறார்கள்.


கொந்தரப்பு எழுதியது:

டீச்சர், பைனஸை நம்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பட்டையைச் சீவி அமிலம் தடவிப் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டால் பால் இறங்கும், அதைக் காய்ச்சினால் நிஜமான டர்பன்டைன் எண்ணெயும் ரொசினும் கிடைக்கும். கிலோ கணக்கில் காசு. என் மச்சான் இரண்டு வருடம் அந்த வேலை செய்தார். கையில் பிசின் பிடித்தால் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும், அமிலம் தெறித்த தழும்பு இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறது. கையுறை கொடுப்பதாகச் சொன்னார்கள், கொடுக்கவில்லை.


மானாப்புல் எழுதியது:

பார்த்தீர்களா, அந்தப் பிழைப்பும் எப்படிப்பட்டது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பைனஸை ஒரே நாளில் வெட்டச் சொல்லவில்லை. வெட்டினால் மண் சரியும், பதுளை மாவட்டத்தில் மண்சரிவு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிங்கராஜ எல்லையில் பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக போன்றவர்கள் பைனஸ் வரிசைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். வெளிச்சம் விழுகிற அளவை வைத்து எந்தக் கன்று எங்கே பிடிக்கும் என்று பார்த்தார்கள். அங்கே ஈரம் அதிகம், ஊவாவில் அப்படியே வராது என்பது தெரியும். ஆனாலும் வரிசை வரிசையாகச் செய்கிற அந்த முறையை இங்கே தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துச் செய்யலாமே என்பதுதான் என் ஆசை.


சும்மாடு எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஸ்டோருக்குப் போகிற விறகைப் பற்றிப் பேசுகிறீர்கள், லயத்துக்கு வருகிற விறகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் கொழுந்து பறிக்கிறவள், பொகவந்தலாவைப் பக்கம். பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்கிறேன்.

விறகுக்குப் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஒரு நடை. தலையில் சும்மாடு, கையில் கத்தி, சாக்குக் கயிறு. கவ்வாத்து வெட்டிய மலையாக இருந்தால் மிலாறு, வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சி, கிடைக்கும், அதற்கும் சண்டை. மிலாறு சீக்கிரம் பிடிக்கும், ஆனால் சடசடவென்று எரிந்து அணைந்துவிடும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு கை மிலாறு போதாது. டர்பன்டைன் கொப்பு வேண்டும். அது கிடைப்பது காட்டுத் தொங்கலில், காட்டு ஓரத்தில். அங்கே குளவி இருக்கிறது, சிறுத்தைப்புலியும் இருக்கிறது. எங்கள் பக்கத்து லயத்துப் பிள்ளையைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

ஒருதடவை காற்றில் விழுந்த கொப்பை வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தேன். விழுந்த கொப்புத்தான். வாச்சர் கட்டை இறக்கச் சொன்னார். "இது தோட்டத்து மரம்" என்றார். கத்தியையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆபீசில் நிற்க வைத்து எல்லார் முன்னாலும் திருட்டு என்று சொன்னார்கள். அந்த மரம் கன்றாக இருந்தபோது அந்த மலையில் நட்டது என் அப்பா. கன்று வளர்க்கிற தவறணையில் பை நிரப்பியது என் அம்மா. இரண்டு பேருக்கும் அரைப்பேர், அரைநாள் சம்பளம், போட்டார்கள். அதை நான் அன்று சொல்லவில்லை, வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

2022இல் காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்று நாடே வரிசையில் நின்றது. டவுனில் இருக்கிற உறவுக்காரர் எல்லாரும் விறகு கேட்டு லயத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் சிலருக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான் என்று.


ஸ்டோர்வீட்டுப்பையன் எழுதியது:

அக்கா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன். என் அம்மாவும் இதே நடை நடந்தவர். அப்பா ராத்திரி முழுக்க டொன் கணக்கில் விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு விடியற்காலை வீட்டுக்கு வருவார், வீட்டில் தேத்தண்ணி வைக்க விறகு இருக்காது. ஸ்டோரிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்தால் வேலை போய்விடும்.


கொந்தரப்பு எழுதியது:

அக்கா சொன்னதைப் பற்றி நான் வாதாட மாட்டேன். விழுந்த கொப்புக்கு ஒருவரை நிற்க வைப்பது அநியாயம். ஆனால் ஆபீஸ் பக்கத்து நிலையையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் பேச்சு முழுமையாகும்.

1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, பிறகு குத்தகை 53 வருடம் என்று ஆனது. அது முடிவது 2045. தேயிலையில் நட்டம் வருகிற வருடத்தில் மரம் விற்ற காசுதான் சம்பளம் போடவும் கடன் அடைக்கவும் உதவுகிறது, இது எல்லாக் கம்பனியும் வெளிப்படையாகச் சொல்கிற விஷயம். மரம் அவர்கள் கணக்கில் ஒரு பயிர். விறகை வெளியில் வாங்கினால் லொறிக் கூலியே தூளின் விலையைத் தின்றுவிடும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு லொறி மரத்தையும் ரோட்டில் கொண்டுபோக முடியாது. ராத்திரியில் வாள் வைத்து அறுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அது அக்காவின் தலைச்சுமை இல்லை, லொறியோடு வருகிற கூட்டம். வாச்சருக்கு அவர்களைப் பிடிக்கத் தைரியம் இல்லை, அக்காவைப் பிடிக்கிறார்.

எனக்குப் பெரிய பயம் வேறு. விறகு மரம் எட்டுப் பத்து வருடத்தில் வெட்டுக்கு வரும். பலகைக்கு ஆகிற டர்பன்டைனுக்கு 25, 30 வருடம் வேண்டும். 2045இல் குத்தகை முடிகிறது என்றால் இன்றைக்கு நடுகிற பலகை மரத்தை நட்டவன் வெட்டப் போவதில்லை. அப்படியானால் அவன் ஏன் நடுவான்? இருப்பதை வெட்டுவதற்குத்தான் அவசரம் இருக்கும். மலையில் போய்ப் பாருங்கள், வெட்டிய அடிக்கட்டைகளைப் பார்த்துவிட்டு அதே மலையில் இடுப்பளவு கன்று எத்தனை நிற்கிறது என்று பாருங்கள்.


பழையதபால் எழுதியது:

கொந்தரப்புத் தம்பி சொன்ன இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தூக்கம் கெடுக்கும். கோப்பித் துரைமார் செய்ததும் இதுதான். எடுத்துவிட்டுப் போகிற ஆளுக்கு முப்பது வருடக் கணக்குக் கிடையாது. அந்தக் கணக்கு இருப்பது அங்கேயே பிறந்து அங்கேயே புதைகிறவனுக்குத்தான். லயத்து மக்களுக்குச் சிறு துண்டு நிலம் கொடுக்கிறோம் என்று பேசும்போது வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தேயிலை பிடிக்காமல் மானாப்புல் ஏறிக் கிடக்கிற நிலத்தில் ஒரு பங்கை அந்தந்தப் பிரிவுக் குடும்பங்களுக்கு விறகுக் காடாகக் கொடுத்து, நடுகிறவர்களே வெட்டி, மிச்சத்தை ஸ்டோருக்கு நியாய விலைக்கு விற்கட்டும் என்று கேட்டால் என்ன? ஸ்டோருக்கும் பக்கத்திலேயே விறகு, லொறிக் கூலி இல்லை. கிளிரிசிடியா வேலியில் நட்டாலே இரண்டு மூன்று வருடத்தில் கொப்பு வெட்டலாம், ஆட்டுக்குத் தழையும் ஆயிற்று.


ஏலமலை எழுதியது:

நல்ல யோசனை ஐயா, ஆனால் டர்பன்டைன் மட்டும் வேண்டாம். ஓடை ஓரத்தில் விட்டுவிட்டு மேட்டில் நடுங்கள், கூடவே பலாவும் கித்துளும் வையுங்கள். கித்துள் ஒன்று பாளை விட்டால் ஒரு வீட்டுக்குப் பாணியும் கருப்பட்டியும் ஆயிற்று. சீவத் தெரிந்த ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதையும் இப்போதே பழக வேண்டும்.


ஸ்டோர்வீட்டுப்பையன் எழுதியது:

ஐயாவின் யோசனையை எங்கள் பிரிவு இளைஞர் சங்கத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். ஆனால் கேட்கப் போகும்போது கையில் கணக்கு வேண்டும். ஸ்டோர் அடுப்பின் கணக்கு ஆபீசில் பதிவேட்டில் இருக்கும். லயத்து அடுப்பின் கணக்கு எங்கேயும் இல்லை. ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கட்டு, ஒரு கட்டு எத்தனை கிலோ என்று யாராவது நிறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அவரவர் வீட்டில் பார்த்து இங்கே எழுதுங்கள்.


சும்மாடு எழுதியது:

தம்பி, நேற்று மடுவத்தில் கணக்கப்பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டதும் சரி என்றார். கொழுந்துத் தராசிலேயே என் கட்டைக் கொளுவி நிறுத்தோம். 27 கிலோ காட்டியது. நேற்று நான் பறித்த கொழுந்து 16 கிலோ. வாரத்துக்கு மூன்று கட்டு வேண்டும், மழை மாதத்தில் நாலு. எழுதிக்கொள்ளுங்கள்.